மணலில் ஒரே ஒரு காளான்

அந்தக் காளானை நான் பிடுங்கியிருக்கக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தப்பைத் துருவிக் கண்டுபிடித்த பெருமை வேறு யாருக்கும் போக வேண்டாம். ஆனால் பிடுங்கிய பிறகு நான் செய்த எதற்கும் வருத்தப்படவில்லை. நாளைக்கே அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன்.

எனக்கு ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. வேலை வளைகுடாவில், ருவைஸ் ஊரில், நர்ஸ். அங்குள்ள எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கும் தமிழர்கள் பத்துப் பேர் சேர்ந்து, மழை பெய்த குளிர்காலங்களில் பாலைவனத்துக்குப் போய்க் காட்டுக் காளான் தேடுவார்கள். சமைக்க அல்ல, பதிவு செய்ய. எந்த இடத்தில், எந்த மண்ணில், எந்தச் செடிக்குப் பக்கத்தில் முளைத்தது என்று எழுதிப் படத்தோடு ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளருக்கு அனுப்புவார்கள். அவர் இந்தப் பகுதியின் காளான்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். நானும் போகிறேன் என்றதும் என் ரூமில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டூட்டி இல்லாத ஒரே நாளில் தூங்காமல் வெயிலில் மண்ணைப் பார்க்கப் போகிறவளுக்குத் தலையில் ஏதோ கழன்றுவிட்டது என்றார்கள். கழன்றதாகவே இருக்கட்டும் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் ஆலையில் மூத்த என்ஜினியர், கோயம்புத்தூர்க்காரர். எல்லாருக்கும் அவர் சார். எல்லாருக்கும் நான் சிஸ்டர். நல்ல மனிதர்தான், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். அந்தக் குளிர்காலத்தில் அவர் ஏற்பாடு செய்த மூன்று பயணங்களிலும் ஒரு குட்டிக் காளான்கூடக் கண்ணில் படவில்லை. நாலாவது பயணத்திலும் வெறுங்கையோடு திரும்பினால், அடுத்த தடவை வேன் நிறைய ஆள் வராது என்று அவருக்குத் தெரியும். வேனில் ஏறியதிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. விதிகளை மட்டும் மறுபடி சொன்னார். காளானைப் பார்த்தால் தொடக் கூடாது. கையைத் தூக்கிக் குரல் கொடுக்க வேண்டும். நிற்கிற நிலையிலேயே நாலு பக்கமும் படம் எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

நான் தலையாட்டினேன். நன்றாகவே ஆட்டினேன்.

வேன் நின்ற இடத்தில் கண்ணுக்கு எட்டிய வரை முழங்கால் உயரத்துக்குக் குட்டைப் புதர்கள். மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மணலின் மேல்தோல் காய்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கியது. வரிசையாகப் பத்தடி இடைவெளி விட்டு நடந்தோம். எனக்கு அடுத்து நடந்தவர் ராமநாதபுரத்து அண்ணன், ஆலையில் சாரம் கட்டுகிறவர். ஒரு மணி நேரம் ஒட்டகப் புழுக்கையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு புதரின் நிழலில் அது நின்றது. மூடிய குடை மாதிரி, வெள்ளையாக, மேலெல்லாம் செதிள் செதிளாக.

எங்கள் ஊர்ப்பக்கம் காளானைப் பார்த்தவர்கள் குரல் கொடுப்பதில்லை. கொடுத்தால் பக்கத்தில் வருகிறவள் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். முதலில் பிடுங்கி மடியில் கட்ட வேண்டும், பேச்செல்லாம் அப்புறம். நாற்பத்திரண்டு வயது, பதினெட்டு வருஷ நர்ஸ் வேலை, வேனில் கேட்ட விதிகள், ஒன்றும் என் கையைத் தடுக்கவில்லை. குனிந்தேன், பிடுங்கினேன், நிமிர்ந்தேன். காளான் என் கையில் இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மூஞ்சி போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சார் ஓடி வந்தார். என் கையைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. நான் மன்னிப்புக் கேட்டேன், மனசாரக் கேட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் குழியைப் பார்த்தார், காளானைப் பார்த்தார், அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"பரவாயில்லீங்க சிஸ்டர். அதே குழியில மறுபடி நட்டு வச்சுப் படம் எடுத்துக்கலாமுங்க. யாருக்குங்க தெரியப்போகுது?"

சுற்றி நின்றவர்கள் முகத்தில் எல்லாம் வெளிச்சம் வந்தது. ஒருவர் குழியைச் சரிசெய்யக் குனிந்துவிட்டார். என் தப்பைத்தான் மூடுகிறார்கள், எனக்காகத்தான் செய்கிறார்கள். ஆனால் நான் காளானை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

இங்கே வருவதற்கு முன்னால் நான் குவைத்தில் இருந்தேன். ஃபர்வானியாவில் ரூம், அங்கிருந்து வேனில் டூட்டிக்குப் போவோம். ஒரு சாயங்காலம் வார்டில் ஆள் குறைவு. ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க நேரமில்லை. மத்தியானம் எடுத்த எண்ணையே போட்டுவிடு, அவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்றார் மூத்த நர்ஸ். போட்டேன். கையெழுத்தும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அவர் மயங்கி விழுந்தார். தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய் ஒரு வழியாகப் பிழைக்க வைத்தார்கள். மறுநாள் அவர் மனைவி என்னைத் தேடி வந்து, என் இரண்டு கையையும் பிடித்து, நன்றாகப் பார்த்துக்கொண்டாய் என்று நன்றி சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன். அந்த நன்றி இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், நடக்காததை நடந்தது என்று இந்தக் கை இனி எழுதாது. காளான் விஷயம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கும் ஒரு சின்ன எண்தானே என்றுதான் நினைத்தேன்.

சாரிடம் முடியாது என்றேன். பிடுங்கியதைப் பிடுங்கியது என்றே எழுதலாம் என்றேன். நின்ற நிலையில் படம் இல்லாவிட்டால் ஏற்க மாட்டார்கள், நாலு பயணத்து உழைப்பு வீணாகிவிடும் என்றார். எல்லாருமாகச் சேர்ந்து எனக்குப் புத்தி சொன்னார்கள். ஒருவர் சிஸ்டருக்கு ரொம்பத்தான் நேர்மை என்று முணுமுணுத்தார். சார் காளானை வாங்கக் கையை நீட்டினார்.

நான் என் பையைத் திறந்தேன். புண்ணை அளக்கும் காகித அளவுகோல் ஒன்று எப்போதும் அதில் கிடக்கும். காளானை அதன் மேல் வைத்து அளந்தேன், பதினேழு சென்டிமீட்டர். நாலு பக்கமும் படம் எடுத்தேன். அப்புறம் கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, மேலிருந்து கீழ் வரை காளானை இரண்டாகப் பிளந்தேன். உள்ளே இருந்த கரும்பழுப்புத் தூள் என் விரலெல்லாம் கொட்டியது.

"இனி நட முடியாது சார்," என்றேன். "உள்ள எப்படி இருக்குன்னும் எழுதணும்லா. வாங்க, எழுதலாம்."

ஒருவரும் வரவில்லை. சார் தன் தாளில் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று எழுதி மடித்துப் பையில் வைத்தார். நான் மணலில் உட்கார்ந்து என் தாளில் எழுதினேன். நேரம், இடம், பக்கத்துச் செடி, உயரம், உள் நிறம். நின்ற நிலையில் படம்: இல்லை. காரணம்: கண்டவுடன் நான் பிடுங்கிவிட்டேன். கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்று கேட்டேன். எல்லாரும் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்கள். ராமநாதபுரத்து அண்ணன் மட்டும் வந்து பேனாவை வாங்கினார்.

"நீங்க பிடுங்குனத நான் பாத்தேன்ல," என்றார். "பாத்ததுக்குக் கையெழுத்துப் போட என்ன பயம்?"

திரும்பும்போது வேனில் என் பக்கத்து இருக்கையில் அவர் மட்டும்தான் உட்கார்ந்தார். காளானின் இரண்டு பாதியையும் காகித உறையில் போட்டு, தாளோடு நானே அனுப்பிவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து சார் போன் செய்தார். ஆராய்ச்சியாளர் அவருக்கு எழுதியிருந்தார். காளான் நல்ல மாதிரி, ஆனால் பறித்தவரும் கூட வந்த ஒருவரும் சொல்வதை மட்டும் வைத்து அந்த இடத்தில்தான் முளைத்தது என்று சேர்க்க முடியாது, உறுதிப்படுத்தப்படாதது என்ற வரிசையில்தான் வைப்பேன் என்றாராம். சார் குரலில் கோபம் இல்லை. எனக்கு உதவத்தான் கூப்பிட்டிருந்தார். படம் இல்லாததற்குக் காரணம் எழுதிய ஒரு வரியை மட்டும் மாற்றி அனுப்பினால் போதும், சேர்த்துவிடுவார்கள், தான் பேசிவிட்டேன் என்றார்.

"ஒட்டகம் மிதிச்சுச் சாஞ்சு கெடந்துச்சுன்னு போட்ருங்க சிஸ்டர். அதுதான் அங்க நெறைய சுத்துதுங்களே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"ஒட்டகம் அத மிதிக்கல்ல சார்," என்றேன். "பிடுங்கினது நான். அப்படியே கெடக்கட்டும்."