மோனிக்கா அக்காவுக்கு முன்கூட்டியே வந்த கிறிஸ்துமஸ்

பூச்சோங்கில் ஒரு பேரங்காடியில் மகளுக்குக் காலணி வாங்கிக்கொண்டிருந்தேன். டிசம்பர் பாதிகூட ஆகவில்லை. அதற்குள் ஒலிபெருக்கியில் கிறிஸ்து பிறந்துவிட்டதாக யாரோ உருகிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மோனிக்கா அக்காவின் கணவர் சவரி அண்ணன் அழைத்தார். "தம்பி, அக்கா போய்ட்டா." எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. அந்தப் பாட்டை யாராவது நிறுத்தித் தொலையுங்களேன் என்று கத்தலாம் போலிருந்தது.

கிள்ளானில் நம் பங்குக் கோவிலுக்கு வருகிற உங்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் பிரசவ வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், நம் பாடகர் குழுவின் தலைவி. நான் அவருக்குக் கீபோர்டு வாசித்தவன். அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவனும் நானே.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தில், மற்ற ஞாயிறுகளில் பாடுகிற வானவர் கீதத்தை நாம் பாடுவதில்லை. கிறிஸ்து பிறந்த இரவில் வானதூதர்கள் பாடிய பாட்டு அது; கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலிக்கென்று எடுத்து வைத்துவிடுவோம். ஒரு வருடம், அந்தக் காலத்தின் முதல் ஞாயிறன்று, பழக்கதோஷத்தில் என் விரல்கள் அதையே வாசிக்கத் தொடங்கிவிட்டன. சபையும் சந்தோஷமாகச் சேர்ந்துகொண்டது. அக்கா நிதானமாக நடந்து வந்து கீபோர்டின் சுவிட்சை அணைத்தார். திருப்பலி முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "வயித்துல இருக்கிற பிள்ளைக்கு இப்பவே மொட்டை போடுவியா?" என்றார். ஃபாதர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நானும் சும்மா விடவில்லை. "நாலு வாரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு ஒரு காலமா அக்கா?" என்று கேட்டேன்.

"பிரசவ வார்டுல யாராச்சும் கையைக் கட்டிக்கிட்டு இருந்து பாத்திருக்கியா? துணி மடிக்கணும், தொட்டில் தொடைக்கணும், பயந்து கெடக்கிறவ கையைப் பிடிச்சிக்கணும். காத்திருக்கிறதுன்னா அதான்லா." அப்படியே செய்தும் காட்டினார். திருவருகைக் காலம் வந்தால் பேச்சு நின்றுபோன இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருப்பார். ஜெஞ்சாரோமில் படுத்த படுக்கையாய் இருந்த ஒருவரைக் குளிப்பாட்டப் போவார்.

இந்த வருடம் புற்றுநோய் அவரைக் கட்டிலில் தள்ளியது. கிறிஸ்துமஸ் வரை தாங்குவது கடினம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா ஒரு கிறிஸ்துமஸ் பாட்டாவது கேட்டுவிட்டுப் போகட்டும் என்று குழுவோடு வீட்டுக்குப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்திவிட்டார்.

"இன்னும் பொறக்கல."

"அக்கா, உங்களுக்காகத்தான்..." என்று இழுத்தேன்.

"தெரியும்லா. அவர் வர்றதுக்குள்ள நான் கெளம்பிட்டா, நானே போய் அவரைப் பாத்துக்கிறேன். யார் முதல்ல வந்தா என்ன?" என்று சிரித்தார். பிறகு திருவருகைப் பாட்டொன்றைப் பாடச் சொல்லி, நான் சுருதி விட்ட இடத்தில் கண்ணை மூடியபடியே திருத்தினார்.

அடக்கத்தன்று கல்லறையில் செபங்கள் முடிந்தன. மண் மூடியாயிற்று. எல்லோரும் கலையத் தயங்கி நின்றபோது, அதிகம் பேசாத சவரி அண்ணன் எங்கள் பக்கம் திரும்பினார்.

"கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்குன்னா, அது நமக்குத்தான். அவ பாத்துட்டா. பாடுங்க."

நாங்கள் ஃபாதரைப் பார்த்தோம். அவரே வானவர் கீதத்தைத் தொடங்கினார். கீபோர்டு இல்லை, மைக் இல்லை. அழுதுகொண்டிருந்த வாய்களிலிருந்து அப்படியொரு முழக்கம் கிளம்பும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்துக் கல்லறையைத் துடைத்துக்கொண்டிருந்த சீனக் குடும்பம் வேலையை விட்டு எழுந்து நின்றது. கடைசி வரியை முடிக்க மனமில்லாமல் மறுபடி முதலிலிருந்து பாடினோம்.

ஊசி போட்டுக்கொள்ளவே நடுங்குகிறவன் நான். சாவென்றால் சொல்லவே வேண்டாம். அன்று அந்தப் பயம் என்னை விட்டுப் போனது, இன்னும் திரும்பவில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான். சாகும்போது என்னைத் தேடி வரப்போகிறவர் யாரென்று தெரிந்துவிட்டது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இனி நான் நிம்மதியாக வேலை பார்ப்பேன்.