டிரைவர் இல்லாத வண்டியில் மாமா

மாமாவை ரோலர் கோஸ்டரில் ஏற்றியது என் வேலைதான் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் நம்புகிறார்கள். என் பேர் அப்படிக் கெட்டிருக்கிறது. ஆனால் சத்தியமாக, அது மாமாவே எடுத்த முடிவு.

மாமா என் அம்மாவின் தம்பி. டவுன் பஸ் டிரைவர். அடுத்தவர் வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்தால்கூட வலது காலால் தரையை மிதித்து பிரேக் போடுகிற ஆள். அப்படிப்பட்டவர் ஒருநாள் சிக்னலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினார். உலகம் பம்பரமாகச் சுற்றியது. நல்லவேளை, வண்டி நின்றுகொண்டிருந்தது.

காதுக்குள் இருக்கிற ஏதோ பொடிக்கல் இடம் மாறிவிட்டதாம். தலையில் களிமண் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காதில் கல் இருக்கிறவர் எங்கள் மாமா ஒருவர்தான். டாக்டர் அவரைப் படுக்கவைத்துத் தலையை இப்படியும் அப்படியும் உருட்டி, "சரியாப் போச்சு, தாராளமா ஓட்டலாம்" என்று அனுப்பிவிட்டார். கல் நம்பியது. மாமா நம்பவில்லை. டெப்போவில் எழுத்து வேலை கேட்டு வாங்கி ஒரு மேசையில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து கழுத்தைத் திருப்புவதே இல்லை. யார் கூப்பிட்டாலும் பீரோவை நகர்த்துகிற மாதிரி முழு உடம்போடு திரும்புவார். ஒருநாள் விளையாட்டாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிக் கூப்பிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். அதற்கப்புறம் எதிரே போய் நின்றுதான் கூப்பிடுகிறேன்.

டெப்போ மானேஜர் கடைசியில் கறாராகச் சொல்லிவிட்டார்: ஸ்டியரிங்கா மேசையா, திங்கட்கிழமை முடிவு தெரிய வேண்டும். மேசை என்றால் கடைசிவரை மேசைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "பார்க்குல தலைகீழா சுத்துற வண்டி ஒண்ணு இருக்குல்ல? அதுல ஏறப்போறேன். தலை சுத்தலைன்னா ஸ்டியரிங். சுத்துச்சுன்னா மேசை."

"அதுல எல்லாருக்கும்தான் தலை சுத்தும். அதுக்குத்தானே காசு வாங்கறான்!" என்றாள் அத்தை. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதீங்க."

"எல்லாரும் பஸ் ஓட்டலையே."

அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு கூடவே வந்தாள். ரோலர் கோஸ்டர் வாசலில் ஒரு பலகை. யாரெல்லாம் ஏறக்கூடாது என்று அத்தை உரக்கப் படித்தாள்: "இதய நோய், கர்ப்பம், தலைசுற்றல்."

"ரெண்டாவது எனக்கு இல்ல," என்றார் மாமா.

"மூணாவது?"

"அதைப் பாக்கத்தான வந்திருக்கோம்."

அத்தை பைகளோடு கீழே நின்றுவிட்டாள். முன்சீட்டுதான் வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். பக்கத்தில் நான். மடிக்கு மேல் கம்பி இறங்கியது. என் கம்பியை ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, அங்கே வேலை பார்த்தவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, வண்டிய யாரு ஓட்டறது?"

"யாரும் இல்ல சார். தானா ஓடும்."

"பிரேக்கு?"

"அதுவும் தானா பிடிக்கும்."

"அப்ப நீ எதுக்கு?"

"பட்டனை அழுத்த, சார்."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குள் அவன் அழுத்திவிட்டான்.

வண்டி டடக் டடக் என்று மேலே ஏறியது. "மாமா, பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"வாய மூடு, ரோட்டைப் பாக்கணும்."

அப்புறம் ரோடே இல்லை. விழுந்தோம், புரண்டோம், தலைகீழாகத் தொங்கினோம். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் முதல் வளைவிலேயே தீர்ந்துபோனதால் மிச்சத்துக்கு "அம்மா" என்று கத்தினேன். மாமாவோ இரண்டு காலாலும் தரையை மிதித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக வண்டி நின்றது. கடைசி வரிசையில் யாரோ ஒரு அம்மா, "ஐயையோ, என் செருப்பு!" என்று அலறினாள்.

மாமா வெடுக்கென்று தலையைத் திருப்பினார். இடப்பக்கம், வலப்பக்கம், சீட்டுகளுக்கு அடியில், கடைசிவரை. "யாரும்மா அது? பதறாதீங்க. எல்லாரும் இறங்கியாச்சா? குழந்தைங்க யாராவது உள்ள இருக்காங்களா?" கடைசி ஸ்டாப்பில் ஆள் யாராவது தூங்குகிறார்களா, பொருள் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்காமல் பஸ்ஸை விட்டு அவர் இறங்கியதே கிடையாது.

"சார், நீங்கதான் இன்னும் இறங்கல," என்றான் பட்டன்காரன்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மாமா, கழுத்து."

"கழுத்துக்கு என்ன?"

"திருப்பிட்டீங்க."

அப்படியே உறைந்து உட்கார்ந்தார். பிறகு மெல்ல இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம். வானத்தை. மறுபடி வேகமாக.

"ஒண்ணும் ஆகலடி," என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

வெளியே என் மூஞ்சியைப் பார்த்ததும் அத்தைக்கு உயிரே போய்விட்டது. "அவளுக்குத்தான் சுத்துது, எனக்கு இல்ல," என்றார் மாமா. அத்தை "அப்பாடா" என்று பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். மறு நிமிஷம் எழுந்து கைப்பையால் அவர் தோளில் ஒன்று வைத்தாள். "கழுத்தத் திருப்பறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? வீட்லயே திருப்பித் தொலைச்சிருக்கலாம்ல!"

மாமா மானேஜருக்குப் போன் போட்டார். "சார், நாளைக்குக் காலையில எனக்கு வண்டி போட்டுடுங்க."

மானேஜரின் குரல் எங்களுக்கே கேட்டது. "வந்து தொலைப்பா, புண்ணியமாப் போகும். நீ அந்த மேசையில எழுதி வச்சதுல ஒரு வரிகூட இங்க எவனாலயும் படிக்க முடியல."

மாமா சிரித்தார். எத்தனையோ நாளுக்கப்புறம், வாய்விட்டு. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதையெல்லாம் நின்று பார்க்க எனக்கும் ஆசைதான். வாந்தி முந்திக்கொண்டது.