தலைக்குள் ஒரு வெள்ளைத் திட்டு: திருப்பூரிலிருந்து கோவைக்கு ஒரு ஸ்கேன் பயணம்

மலை, அருவி, கோயில் என்று எழுதி வந்தவள் ஸ்கேன் எடுக்கப் போன கதையை எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். இதே காரணத்துக்காகக் கிளம்பப் போகிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான்.

என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மாஸ்டர். போன வருடம் மூளையில் இருந்த கட்டியை எடுத்து, ரேடியேஷனும் கொடுத்தார்கள். போன மாத எம்.ஆர்.ஐ.யில் அதே இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. கட்டி திரும்ப வந்திருக்கலாம், ரேடியேஷன் பட்ட புண்ணாகவும் இருக்கலாம். சாதாரண ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியுமாம். கட்டி என்றால் மறுபடியும் மண்டையைத் திறக்க வேண்டும். "கத்தி வைக்கறதுக்கு முன்னாடி எம்.ஆர்.ஐ.லயே இன்னொரு வகை ஸ்கேன் பாத்துரலாங்க" என்று எங்கள் டாக்டர் கோவைக்கு எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். பூண்டி, அவிநாசி வழியாக ஐம்பத்தைந்து கிலோமீட்டர். போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய். பஸ்ஸில் மிச்சம்தான், ஆனால் தலைசுற்றல் உள்ளவரை நிற்க வைத்துக் கூட்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. ஓட்டுநர் தென்காசிப் பக்கத்துக்காரர். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே பாட்டை அணைத்துவிட்டு, "மெதுவாவே போவோம்க்கா, பள்ளம் பாத்து ஓட்டுதேன்" என்றார். அந்த வார்த்தைக்கே அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஸ்கேன் மையத்தில் இருந்த டாக்டரம்மா உட்கார வைத்து விளக்கினார். "புரோட்டீன்ல இருக்கற சில ஹைட்ரஜன், சுத்தியிருக்கற தண்ணியோட ஹைட்ரஜன்கூட இடம் மாத்திக்கிட்டே இருக்குங்க. அதுக்கு மட்டும் பொருந்தற ரேடியோ அலையை அனுப்பி அதோட சிக்னலை அணைச்சிருவோம். அணைஞ்சது தண்ணில போய்ச் சேரும். தண்ணி சிக்னல் ஒரு பொடி கொறையும். அந்தக் கொறைச்சலத்தான் அளக்கறோமுங்க."

கட்டியில் புரோட்டீன் அதிகம், அதனால் பெரும்பாலும் அந்தக் குறைச்சல் கூடுதலாக இருக்குமாம். ஆனால் அதே அலை தண்ணீரையும் நேராகத் தொட்டுவிடும், கொழுப்பும் குறுக்கே வரும். அதனால் அலைவரிசையை மாற்றி மாற்றிப் படம் எடுத்து, மற்றதையெல்லாம் கழித்து, இந்த இடமாற்றத்தின் சிக்னலை மட்டும் பிரிக்க வேண்டும். எங்கள் ஊர் காதர்பேட்டை பனியன் சந்தைச் சந்தடியில் ஒருவர் குரலை மட்டும் பிரித்துக் கேட்பது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அசைந்தால் எல்லாம் வீண் என்று இரண்டு முறை சொன்னார்.

உலோகம் எதுவும் கூடாது, அலை பட்டால் சூடாகிவிடும் என்றார் டெக்னீஷியன். மோதிரம், வெள்ளி அரைஞாண் எல்லாம் என் கைப்பைக்கு வந்தன. "உள்ள காட்டன் பனியன்தானுங்க, ஏசி குளுருதுங்க" என்றார் இவர். கொக்கி இல்லை, ஜிப் இல்லை. சரியென்று மேலே அங்கியைப் போட்டு உள்ளே அனுப்பினார்கள்.

டெக்னீஷியன் அறையின் கண்ணாடிக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மைக்கில் இவர் குரல். "முதுகு சுடுதுங்க."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வேர்வை நாற்றம் வராமலிருக்க வெள்ளி பூசிய இழை சேர்த்து கம்பெனி மெஷினில் ஓட்டிய சாம்பிள் பனியன் அது. ஓட்டினதே இந்த மகராசன்தான். கண்ணாடியைத் தட்டி, "பனியன்ல வெள்ளி இருக்குதுங்க" என்றேன். டெக்னீஷியன் உடனே நிறுத்தி வெளியே எடுத்துவிட்டார். முதுகு லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"ஏனுங்க, அரைஞாணக் கழட்டிப்போட்டு வெள்ளியையே போத்திக்கிட்டுப் போனீங்களா?" என்று இவரைக் கேட்டேன்.

"நூலுதான கண்ணு, அது உலோகம்னு எனக்குத் தோணுல."

டெக்னீஷியன் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. டாக்டரம்மா முதுகைப் பார்த்துச் சரியென்ற பிறகு, பனியனைக் கழற்ற வைத்து, கம்பளி போர்த்தி, காதடைப்பைச் சரிசெய்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். இவரும் கல் மாதிரி கிடந்தார்.

மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டார். படத்தில் அந்தத் திட்டு மங்கலாகவே இருந்தது. "சிக்னல் கம்மியாத்தான் இருக்குதுங்க. ரேடியேஷன் புண்ணு மாதிரிதான் தெரியுது. நூத்துக்கு நூறுன்னு சொல்ல முடியாது, மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கோணும்." அங்கிருந்தே எங்கள் டாக்டரிடமும் பேசினார். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்று முடிவானது. அந்த இரண்டு டாக்டர்களின் காலிலும் விழலாம் போல இருந்தது.

போகிறவர்களுக்கு: இந்த வகைப் படம் எல்லா மையத்திலும் எடுப்பதில்லை, டாக்டர் சீட்டில் எழுதிய ஸ்கேன் பெயரைச் சொல்லி, போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பழைய ஸ்கேன் படங்களைக் கையோடு கொண்டு போங்கள். விளையாட்டு உடுப்பு, நாற்றம் வராத பனியன், ஜிகினா வைத்த துணி எதுவும் உடம்பில் வேண்டாம், மையத்து அங்கி மட்டும் போதும். உள்ளே சூடு தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் உடனே சொல்லுங்கள்.

திரும்பும்போது கார் அவிநாசியைத் தாண்டியது. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் நாளைக்கு மேல் எதையும் பேசுவதில்லை. நான் தீபாவளிப் பேச்சை எடுத்தபோதுகூட, வந்தால் பார்க்கலாம் என்றுதான் இவர் சொன்னார்.

இவர் முன்சீட்டுப் பக்கம் சாய்ந்து, "ஏனுங்க தம்பி, அடுத்த வருசம் குத்தாலத்துல எந்த மாசம் நல்லாத் தண்ணி உழுகும்?" என்று கேட்டார்.

"ஆடில வாங்கண்ணே" என்றார் ஓட்டுநர்.

"ஆடி" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நன்றாக அழுதேன்.