மயில்துத்தம் போடாத பசை

நான் நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஊர் ஊராகப் போய் நாடகக் கம்பெனிகளுக்கு வால்போஸ்டர் ஒட்டிப் பிழைக்கிறேன்.

காரைக்காலில் யூசுப் நானா என் சிநேகிதர். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ரஷ்யத் துறைமுகங்களில் சுவரிலிருந்து உரித்துச் சேர்த்த பழைய சர்க்கஸ், நாடக போஸ்டர்கள் பதினொன்று அவரிடம் இருந்தன. ஒன்றில் கரடி சைக்கிள் விடும். இன்னொன்றில் ஒரு பெண் கயிற்றைப் பல்லால் கடித்துத் தொங்குவாள். மடிப்பெல்லாம் கிழிய ஆரம்பித்ததால் துணியில் ஒட்டித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

"பெருநாளைக்குச் சுவத்துல மாட்டணும் தம்பி. ஆணிகூட அடிச்சிட்டேன்" என்றார்.

மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால்தான் பூச்சி அண்டாது. தெருவில் ஒட்டுவதற்கு நான் அதை விட்டதே இல்லை. பச்சைக் கறை ஏறிவிடுமே என்று இதற்கு மட்டும் போடவில்லை. ஒட்டிச் சுருட்டி, என் அறையில் கள்ளிப்பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் போனேன். ஒரு வாரம் என்று போனவன், இரண்டு மாதம் கழித்துப் பெருநாளுக்கு முதல் நாள் திரும்பினேன்.

பெட்டியைத் திறந்தபோது நானாவும் பக்கத்தில் நின்றார். உள்ளே கரையான் மண்தான் இருந்தது. கரடியின் சைக்கிள் சக்கரம் மட்டும் கையில் வந்தது. காரணத்தைச் சொன்னேன்.

"ஊர்ச் சுவத்துக்கெல்லாம் விஷம் வெச்சே. என் காயிதத்துல மட்டும் கரையானுக்கு விருந்து வெச்சிட்டியா?" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

இப்போது கறை ஏறினாலும் சரியென்று எந்தக் காகிதத்துக்கும் துத்தம் போட்டுத்தான் பசை காய்ச்சுகிறேன். அடுத்தவர் பொருளை வைத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புவதில்லை. நானா வீட்டில் பதினோரு ஆணியும் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் அவர் சட்டை தொங்குகிறது.