வெள்ளையன் வண்டியின் பின்சீட்

வெள்ளையனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் நான்தான் எழுத வேண்டும். அந்த மனிதருக்கு நான் செய்த காரியம் வேறு யாருக்கும் முழுசாகத் தெரியாது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர் யாங்கோனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கியாக்தான். இருபது வயதில் யாங்கோன் பஸ்ஸில் கண்டக்டராக ஏறி, டிரைவராகி, பிறகு ஒரு பழைய ப்ராபாக்ஸ் கார் வாங்கி டாக்ஸி ஓட்டினார். முப்பது வருஷத்தில் ஒரு வண்டியின் கண்ணாடியைக்கூட உரசியதில்லை. டீக்கடையில் சர்க்கரை போடாத டீ வந்தால், அப்படியே குடித்துவிட்டு எழுந்து போவார். அடுத்தவருக்குச் சங்கடம் வரக் கூடாதென்று வாயை மூடிக்கொள்ளும் இந்தக் குணத்துக்குப் பர்மியர்கள் 'அனாடே' என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் ஆட்களுக்கும் அது ஊறிப்போயிருக்கிறது. வெள்ளையனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஊறியிருந்தது.

என் பட்டறை தாக்கேட்டாவில், தன்லின் பாலத்தை விட்டு இறங்கியதும் வரும். ஸ்பிரிங், ஷாக் வேலை என்றால் சுரேந்திரன்தான் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவ்வளவு திமிர்.

போன வருஷம் மழைக்கு முன்னால் வெள்ளையன் வண்டியைக் கொண்டுவந்தார். அவர் மனைவி ருக்மணிக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் இரண்டு நாள் கியாக்தானிலிருந்து டயாலிசிஸுக்கு யாங்கோன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும். பின்பக்க ஸ்பிரிங் அமுங்கிப்போய் குழிக்குக் குழி இடிக்கிறது, அவளால் தாங்க முடியவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

என்னிடம் ஒரு ஜோடி ஸ்பிரிங் விலை போகாமல் ஒரு வருஷமாகக் கிடந்தது. மூட்டை ஏற்றும் வேனில் கழற்றியது, கல் மாதிரி இருக்கும். கூடவே ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர், ஜப்பானிலிருந்து வந்த பழசு ஒரு ஜோடி. திருகி இறுக்கலாம், தளர்த்தலாம். இரண்டையும் மாட்டினேன். திருகைக் கடைசிவரை தளர்த்திவிட்டு, இனிமேல் மெத்தைதான் அண்ணே என்று முதுகில் தட்டினேன்.

எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வண்டியில் யார் உட்காருகிறார்கள், எவ்வளவு எடை என்று பார்த்து முதலில் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற பிடியை ஷாக்கில் வைக்க வேண்டும். கல் ஸ்பிரிங்கைப் போட்டு ஷாக்கைத் தளர்த்தினால் ஒரு குழிக்கு நாலு தரம் வண்டி எம்பும். இறுக்கினால் குழி நேராக இடுப்பில் ஏறும். இதை எத்தனை பேருக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்! ஆனாலும் கிடந்த சரக்கு கழிந்தால் போதும் என்றிருந்தது. காலி வண்டியை முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். பின்சீட்டில் உட்காரப் போவது நாற்பது கிலோ நோயாளி என்பதை நினைத்தே பார்க்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பட்டறை வாசலைத் தாண்டும்போதெல்லாம் வெள்ளையன் கை காட்டுவார். வண்டி எப்படி என்று கேட்டால், நல்லா இருக்கு சயா என்பார். இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் மற்ற டிரைவர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு காலை பாலத்தடியில் பஸ் ஒன்று நெரிசலில் நின்றது. உள்ளே ருக்மணி அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பஸ்ஸுக்குப் பின்னால் வெள்ளையனின் வண்டி காலியாக வந்துகொண்டிருந்தது. புருஷன் பெண்சாதிக்குள் சண்டையா அண்ணே என்று ஜன்னலில் குனிந்து கேலி செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "என் கை போச்சு சயா. நான் ஓட்டினா அவளுக்குக் குலுக்கித் தள்ளுது, வழியெல்லாம் வாந்தி. மூணு மாசமா பஸ்லதான் வர்றா. எங்கேயாவது மயங்கி விழுந்துட்டா தூக்கணுமேன்னு பின்னாலேயே வர்றேன்" என்றார். ஓட்டத் தெரியாதவனுக்கு வண்டி எதற்கு, பபேடானில் பழைய வண்டி வாங்கும் ஜமாலிடம் பேசியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை விற்றுவிடுவேன் என்றும் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே அவரைப் பட்டறைக்கு வரவழைத்து, பின்சீட்டில் ஏறிக்கொண்டு பாலத்தில் ஓட்டச் சொன்னேன். அவர் பூப்போலத்தான் ஓட்டினார். ஆனால் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி எம்பியது, விழுந்தது, மறுபடி எம்பியது. பாதிப் பாலத்தில் குடித்த டீ தொண்டைக்கு வந்துவிட்டது. திருப்பச் சொன்னேன். என்ன கோளாறு என்று கேட்டவரிடம், உண்மையைச் சொல்ல வாய் வராமல், ஏதோ போல்ட் லூஸ் என்று புளுகினேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரி நாள். வண்டியிலேயே வந்து பட்டறையில் இறங்கச் சொல்லியிருந்தேன். அக்கா வெளுத்த முகத்தோடு வந்து சேர்ந்தார். பொறுக்கி வைத்திருந்த மிருதுவான ஸ்பிரிங்கை மாட்டினேன். அக்காவை வழக்கமாக உட்காரும் பின்சீட்டில், தலையணையோடும் பையோடும் உட்கார வைத்தேன். வண்டியின் பின்பக்கத்தை அமுக்கி விடுவதும் திருகை ஒவ்வொரு பல்லாக நகர்த்துவதுமாக இருந்தேன். கடைசியில் ஒரே தரம் எழும்பி அடங்கியது. நானும் முன்னால் ஏறிக்கொண்டேன்.

பாலத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "இன்னைக்கு நல்லா ஓட்டுறீங்களே. கை போயிருச்சுன்னு சொன்னீங்க?"

வெள்ளையன் பாதையைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் கையில் எந்தக் குறையும் இல்லை, பொருந்தாத ஸ்பிரிங்கைத் தெரிந்தே மாட்டினேன், போல்ட் என்று சொன்னதும் பொய் என்று கொட்டிவிட்டேன்.

வெள்ளையன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "தெரியும் சயா" என்றார் மெதுவாக. "முதல் நாளே தெரியும். முப்பது வருஷம் ஓட்டினவனுக்குத் தெரியாதா? உங்ககிட்ட எப்படிச் சொல்றது? வேற பட்டறைக்குப் போனாலும் உங்க வாசலைத் தாண்டித்தானே போகணும். அதுக்கு வண்டியையே வித்துடலாம்னு..."



"மூணு மாசம்" என்றார் ருக்மணி அக்கா. "ஊசி குத்தி வீங்கின கையோட பஸ்ல நின்னேன். உங்க ரெண்டு பேரு முகமும் வாடக் கூடாதுன்னு, எதுவும் தெரியாமலே." அப்புறம், நேரமாகிறது, வண்டியை எடுங்கள் என்றார்.

ஆஸ்பத்திரி வரை வண்டி ஓரிடத்திலும் எம்பவில்லை. வாசலில் நான் முதலில் இறங்கி ஓடி, பின்கதவைத் திறந்து, அக்கா பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். புருஷன் நீட்டிய கையையும் பார்த்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கி உள்ளே போனார்.