சுண்ணாம்பு அடையாளம்

அமரவிளைச் சந்தைக்கு மலையிலிருந்து தேன் கொண்டுவரும் காணிக்காரப் பழங்குடி மனிதர் அவர். மெலிந்த உடம்பு, தோளில் மூங்கில் குழாய்கள். தரையில் வெள்ளைக் கோடு கண்டால் மிதிக்காமல் சுற்றித்தான் போவார்.

தமிழர் வாழும் ஊர்களைத் தமிழ் மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டு நடந்த எல்லைப் போராட்டக் காலம் அது. சந்தையில் அவர் வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் சுவரில் ‘இது தமிழர் மண்’ என்று சுண்ணாம்பால் எழுதத் தொடங்கினேன். உடனே குழாய்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“ஏன் எழும்பிட்டீரு?” என்றேன்.

“பாறையில மின்னுற காக்காப்பொன்னைத் தோண்டணும்னு கம்பெனிக்காரன் அதுமேல சுண்ணாம்பு தேச்சான். குடிலைப் பிரிச்சுட்டுப் போனோம். பொறவு, காட்டைக் காக்கணும்னு ஆப்பீசரு மரத்தில தேச்சாரு. அங்கயும் பிரிச்சோம்.” என் கையிலிருந்த சுண்ணாம்பு வாளியைப் பார்த்தார். “இங்க இருந்து ஆரு போவணும் மக்கா?”

“ஆரும் போவாண்டாம்” என்று சிரித்தேன்.

“அவனுவளும் மொதல்ல அப்பிடித்தான் சொன்னானுவ.”

மீதியையும் எழுதி முடித்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தச் சுவரோரம் உட்காரவேயில்லை.