திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃப்ளாஷ் மாப்

போன சனிக்கிழமை சாயங்காலம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கேமராமேன் வேலை. நியமித்தவள் என் அக்கா மகள் காவ்யா. விழுப்புரத்தில் காலேஜ் படிக்கிறாள்.

ரத்த தானத்துக்காக ஒரு ஃப்ளாஷ் மாப்; திடீரென்று கூடி, ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுக் கலைவது. வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்த நாற்பது பேர். அவரவர் வீட்டில் வீடியோ பார்த்து ஆடிப் பழகியவர்கள். பாதிப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை.

"இங்க யார்கிட்டயாவது சொல்லி வெச்சியாம்மா?"

"சொல்லிட்டா அப்புறம் என்ன மாமா ஃப்ளாஷ் மாப்?"

நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பஸ் ஸ்டாண்டில் திடீரென்று விசில் அடித்து, நாலா பக்கமும் இளவட்டங்கள் ஓடி வந்தால் என்ன அர்த்தம்? மறியல். இல்லாவிட்டால் அடிதடி.

விசில் பறந்தது. ஓடி வந்தார்கள். ஸ்பீக்கர் அலறத் தொடங்கியதுமே கடை ஷட்டர்கள் தடதடவென்று இறங்கின.

"ஜல்தி வண்டிய எடுப்பா, கல்லு வுடப் போறானுங்க" என்று ஒரு கண்டக்டர் கத்தினார். கலாட்டா என்றால் முதலில் நொறுங்குவது பஸ் கண்ணாடி. டிரைவர் அவசரமாக ரிவர்ஸ் எடுத்தார்.

பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி ஆடிக்கொண்டிருந்தவள் காவ்யா. ஸ்பீக்கர் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

எனக்கு எல்லாம் தெரிந்தது... போன் திரையில். ஆடுகிற காவ்யா, அவளுக்குப் பின்னால் பெரிதாகிக்கொண்டே வரும் பஸ். வெட்கத்தோடு சொல்கிறேன் — அந்தக் கணம் அது எனக்கு வெறும் வீடியோ. "காவ்யா" என்று கத்தினேன். கத்தியதாகத்தான் ஞாபகம்.

அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் அம்மா ஒருவர் கூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, அவள் கையைப் பிடித்து இழுத்தார். பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது.

டிரைவர் இறங்கி வந்தார். "ஆடப் போறோம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா?"

காவ்யா அழுதாள். மல்லாட்டை அம்மா என்னைப் பார்த்தார்.

"உங்க ஊட்டுப் பொண்ணா சார்? போனப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க?"

குரூப்பில் நாற்பது பேர் கூடினால் யாரும் பயப்படுவதில்லை. யாரும் பஸ்ஸைப் பின்னால் எடுப்பதுமில்லை. தெருவில் கூடும்போது இரண்டும் உண்டு. இது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, சரி... எனக்குமா?

மறுநாள் காவ்யா அந்த வீடியோவை மூன்று தடவை ஓடவிட்டாள்.

"மாமா, அந்தம்மா என்னை இழுத்ததுக்கு அப்புறம்தான் உங்க சத்தமே வருது."

மைக் கோளாறு என்று சொல்லிவைத்தேன்.